ரோடு வரட்டும், எங்களைக் கேட்டுட்டு வரட்டும்

போன வாரம் சென்னையில இருக்கிற என் பள்ளிக்கூடத் தோழன் வாட்ஸ்அப்ல ஒரு செய்தி அனுப்பியிருந்தான். "வாழ்த்துகள் மாப்ள! இனிமே நீயும் கார்ப்பரேஷன்காரன். நிலத்து வெல எங்கேயோ போகப் போகுது, அவசரப்பட்டு வித்துடாத." கூடவே ரெண்டு பட்டாசுப் படம்.

அவன் சொன்னதுல தப்பு இல்ல. 2025 பிறந்த கையோட வந்த அறிவிப்புல, பக்கத்து மாநகராட்சியோட சேரப் போற ஊராட்சிகள்ல எங்க ஊரும் இருக்கு. எங்க ஊருன்னு இல்ல, தமிழ்நாடு பூராவும் நகரங்களை ஒட்டின நூத்துக்கணக்கான ஊராட்சிகளுக்கு இதே கதைதான். எனக்கு ரோட்டுக்குப் பக்கத்துல நாலு ஏக்கர் நஞ்சை இருக்கு. கணக்குப் பார்த்தா நான் சந்தோஷப்படணும். நெல்லு வெதச்சு இருபது வருஷத்துல பார்க்காத காசை, நிலத்தைக் கூறு போட்டு ஒரே வருஷத்துல பார்த்துடலாம்.

ஆனாலும் இந்த இணைப்பு, இப்ப நடக்கிற விதத்துல, வேண்டாம்னுதான் நான் சொல்றேன். என் தோழனுக்கு வாட்ஸ்அப்ல பதில் எழுத ஆரம்பிச்சேன், நீண்டுக்கிட்டே போச்சு. அதனால இங்க எழுதறேன். டவுன்ல இருந்து இதைப் படிக்கிற நீங்களும் உங்க பதிலைச் சொல்லுங்க.

ஜனவரி 26-ஆம் தேதி நடந்த கிராம சபையில இருந்து தொடங்கறேன். எப்பவும் போல பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில ஜமக்காளம் விரிச்சிருந்தாங்க. இந்தத் தடவை தலைவர் நாற்காலியில தலைவர் இல்ல. எங்க மாவட்டத்துல ஊராட்சிகளோட பதவிக்காலம் ஜனவரி 5-ஆம் தேதியோட முடிஞ்சு போச்சு, தேர்தல் நடக்கல. அதனால தனி அலுவலர் பொறுப்புல இருக்கிற அதிகாரி உக்காந்திருந்தார். எங்களை மாதிரி 3000 பேருக்குள்ள இருக்கிற ஊருக்கு 100 பேர் வந்தாத்தான் கிராம சபை செல்லும். அன்னைக்கு 300 பேருக்கு மேல கூடிட்டாங்க. பொங்கலுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது.

வரவு செலவு வாசிச்சாங்க, டெங்குத் தடுப்புன்னாங்க, பிளாஸ்டிக் ஒழிப்புன்னாங்க. அப்ப ஒரு பையன் எந்திரிச்சு, "சார், மாநகராட்சியோட சேர்க்கக்கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடணும்"னு கேட்டான். அதிகாரி மரியாதையாத்தான் பதில் சொன்னார். "தம்பி, அது அரசோட கொள்கை முடிவு. அதுல நான் தீர்மானம் எழுத முடியாது. மனுவா எழுதிக் குடுங்க, மேல அனுப்பி வைக்கிறேன்."

அவர் மேல எனக்குக் கோபம் இல்ல, அவர் கை கட்டப்பட்டிருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஊர்ல எந்தத் தெருவுல குழாய் போடணும், எந்தக் கம்பத்துல லைட்டு மாத்தணும்னு கிராம சபை தீர்மானம் போடலாம். ஊரே இருக்கணுமா வேண்டாமாங்கிறதை மட்டும் அது பேசக்கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

கிராம சபைன்னா ஏதோ காந்தி கண்ட கனவு அப்படியே நடக்குதுன்னு நான் கதை விட மாட்டேன். பல வருஷம் அது நோட்டுல மட்டும் நடந்திருக்கு. நூறு நாள் வேலைக்கு வந்தவங்களை அப்படியே கூட்டிட்டு வந்து உக்கார வெச்சு, எண்ணிக்கை காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பின கூட்டமெல்லாம் உண்டு. நானே வயல்ல வேலை இருக்குன்னு போகாம இருந்திருக்கேன்.

ஆனா ஒரு சம்பவத்தை மறக்க முடியாது. மூணு நாலு வருஷம் முந்தி, தெருவிளக்குச் செலவுக் கணக்கை வாசிச்சப்ப, கீழத்தெரு அப்பத்தா ஒருத்தங்க எந்திரிச்சாங்க. "ஏப்பா, எங்க தெருவுக்கு எட்டு லைட்டுன்னு வாசிக்கிறியே, எரியுறது மூணுதான். மிச்சம் அஞ்சு யார் வீட்டுல எரியுது?"ன்னாங்க. கூட்டமே சிரிச்சுடுச்சு. அப்போதைய தலைவருக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ஆனா அடுத்த பத்து நாள்ல அந்தத் தெருவுல அஞ்சு லைட்டும் வந்துடுச்சு. அந்த அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா லைட்டு எண்ணத் தெரியும், எந்திரிச்சுக் கேக்கத் தெரியும், கேக்க ஓர் இடமும் இருந்துச்சு.

அந்த இடம்தான் இப்ப போகப் போகுது. தமிழ்நாட்டுல கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதி எல்லாருக்கும் மனப்பாடம். ஊருல ஓட்டு இருக்கிற எவரும் அதுல உறுப்பினர். யாரும் நியமிக்கத் தேவையில்ல, அழைப்பிதழும் தேவையில்ல.

"நகரத்துலயும் ஏரியா சபை இருக்கே"ன்னு நீங்க கேக்கலாம். இருக்கு. வார்டு கமிட்டி, ஏரியா சபைக்கான விதிகளை 2022-ல அரசு கொண்டு வந்துச்சு. நல்ல காரியம்தான். இப்ப நான் உங்களைத் திருப்பிக் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க ஏரியா சபை கடைசியா எப்ப நடந்துச்சு? எங்க நடந்துச்சு? உங்க தெருவுக்கு இந்த வருஷம் எவ்வளவு செலவு பண்ணாங்கன்னு யாராவது உங்க முன்னாடி வாசிச்சாங்களா? என் தோழன்கிட்ட இதைக் கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்கா?"ன்னான். அவன் அந்த வார்டுல பன்னெண்டு வருஷமா குடியிருக்கான்.

அவன் சோம்பேறின்னு நான் சொல்லல. அளவு அப்படி. சென்னையில 200 வார்டு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படியே பார்த்தாலும் ஒரு கவுன்சிலருக்கு 30 ஆயிரம் பேருக்கு மேல வர்றாங்க. எங்க ஊர்ல ஒரு வார்டு உறுப்பினருக்குச் சில நூறு பேர்தான். தண்ணி வரலைன்னா டேங்க் ஆபரேட்டர் வீட்டு வாசல்ல போய் நின்னு, "ஏண்ணே, இன்னைக்கு மோட்டார் போடலையா?"ன்னு கேக்கலாம். அவர் ஒளிய முடியாது, ஏன்னா அவரும் அதே குழாய்லதான் தண்ணி பிடிக்கணும்.

அடுத்தது நூறு நாள் வேலை. இதுல முதல்ல என் குத்தத்தை ஒத்துக்கறேன். நடவுக்கு ஆள் கிடைக்கலன்னு நூறு நாள் வேலையை டீக்கடையில உக்காந்து திட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். அந்தச் சட்டம் ஊரகக் குடும்பங்களுக்கு மட்டும். மாநகராட்சியா மாறின மறுநாளே அந்த அட்டை வெறும் அட்டைதான். 2024-25-க்கு அறிவிச்ச கூலி 319 ரூபாய். வேலையை அளந்து பார்த்துக் குறைச்சுத்தான் தர்றாங்க, அதுவும் மாசக்கணக்குல பாக்கி. இருந்தாலும் அறுபது வயசுக்கு மேல இருக்கிற அம்மாக்களுக்கு யார்கிட்டயும் கை நீட்டாம வர்ற காசு அதுதான். டவுன்ல அவங்களுக்கு என்ன வேலை கிடைக்கும்? கட்டட வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. ஜவுளிக்கடையில நிக்க வைக்க மாட்டாங்க.

இதைப் பத்தி காலனியில இருக்கிற ஒரு அக்காகிட்ட பேசினேன். எங்க வயல்ல நாத்து நடுற குழுவுக்கு அவங்கதான் தலைவி. இணைப்புக்கு எதிரா மனுவுல கையெழுத்துப் போடச் சொல்லலாம்னு போனேன். அவங்க சொன்னது எனக்கு உறைச்சுது.

"நீங்க ஊரு போயிரும், ஊரு போயிரும்ங்கிறீங்க. எங்களுக்கு எப்பண்ணே ஊரு இருந்துச்சு? கம்மாத் தண்ணியில எங்க முறை எப்ப வந்துச்சு? டவுனாகிப் போனா என் பேரன் எந்தத் தெருன்னு எவனும் கேக்க மாட்டான், அது ஒரு நிம்மதி. ஆனா அந்தக் கூலியும் இல்லைன்னா நான் என்னத்தத் திங்கிறது? அதுக்காக வேணா கையெழுத்துப் போடறேன்."

நான் பதில் பேசல. பேச என்ன இருக்கு? பாப்பாபட்டியிலயும் கீரிப்பட்டியிலயும் தலைவர் பதவி பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டதுங்கிற ஒரே காரணத்துக்காக 1996-ல இருந்து 2006 வரைக்கும் முறையா ஒரு தேர்தல் நடத்த விடாத நாடுதான் இது. ஊராட்சின்னா அதுவும் சேர்ந்ததுதான். அதை மறைச்சுட்டு "எங்க கிராமம், எங்க மண்ணு"ன்னு பேசினா அது பொய். ஆனா அதே ஊராட்சிச் சட்டம்தான் அந்த அக்கா மாதிரி ஒருத்தங்களுக்கு, சுழற்சி வந்தா, தலைவர் நாற்காலியில உக்கார உரிமையும் குடுத்துச்சு. லட்சக்கணக்கான பேர் இருக்கிற மாநகராட்சியில எங்க காலனியோட குரல் எத்தனையாவது வரிசையில நிக்கும்? அந்த அக்கா சொன்னதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது இதுதான்: ஊரைக் காப்பாத்தணும்னு கேக்கிறவங்க, ஊரையும் கொஞ்சம் மாத்தணும்.

வரி விஷயம் உங்களுக்கே தெரியும், சுருக்கமா முடிச்சுக்கறேன். 2022 ஏப்ரல்ல நகர்ப்புறச் சொத்து வரியை ஏத்துனாங்க. 600 சதுர அடிக்குள்ள இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100 சதவீதம். எங்க ஊர் வீட்டு வரியை வெச்சுப் பார்த்தா இது வேற உலகம். கிராமத்து வீட்டுல திண்ணை, மாட்டுக்கொட்டகை, நெல்லு போடற அறைன்னு சதுர அடி நிறைய இருக்கும், வருமானம் இருக்காது. கலைஞரின் கனவு இல்லம் மாதிரி ஊரகத்துக்குன்னு இருக்கிற வீட்டுத் திட்டத்துலயும் எங்க பேர் இருக்காது. கூரை வீட்டுல இருக்கிறவங்க ரெண்டு பக்கமும் அடி வாங்கணும்.

இப்ப கண்மாய்க்கு வர்றேன். எனக்கு உண்மையான பயம் இதுலதான்.

100 ஏக்கருக்குக் குறைஞ்ச ஆயக்கட்டு இருக்கிற சின்னக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்துப் பொறுப்பு, பெரிசெல்லாம் பொதுப்பணித் துறையில இருந்து பிரிஞ்ச நீர்வளத் துறைகிட்ட. எங்க கண்மாய் சின்னது. வரத்துக்கால் தூர் எடுத்தது பாதி நூறு நாள் வேலையில, மீதி நாங்களே வீட்டுக்கு ஓர் ஆள் போய். மழைக்கு முன்னாடி எந்த வாய்க்கா அடைச்சிருக்குன்னு எங்களுக்குத் தெரியும், ஏன்னா அது அடைச்சா எங்க பயிருதான் காயும். வயலுக்கும் கண்மாய்க்கும் இருக்கிற இந்தத் தொடுப்பு அறுந்து போச்சுன்னா, அந்த வாய்க்கா யாருக்கும் தேவையில்லாத பள்ளமாயிடும். முதல்ல குப்பை விழும், அப்புறம் சாக்கடை வந்து சேரும், கடைசியில மேல சிமெண்டுப் பலகை போட்டுக் கடை வெப்பாங்க. ரெண்டு மழைக்கு அப்புறம், "இங்க ஏன் வெள்ளம் வருது?"ன்னு டிவியில விவாதம் நடக்கும்.

நான் ஜோசியம் சொல்லல. நடந்ததைத்தான் சொல்றேன். நீங்க துணி எடுக்கப் போற தியாகராய நகர், 1920-கள்ல ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கின இடம். மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒரு தெருவே இருக்கு, பார்க்கத்தான் லேக்கு இல்ல. மதுரையில உயர் நீதிமன்றக் கிளை நிக்கிறது உலகனேரிக் கண்மாய்ல. 'ஏரி', 'குளம்', 'ஊரணி', 'மடை', 'பாக்கம்'னு முடியற உங்க பேருந்து நிறுத்தங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அங்கெல்லாம் ஒருகாலத்துல என்னை மாதிரி ஒருத்தன் மம்பட்டியோட நின்னிருக்கான்.

"சேர்ந்தா வசதி வருமே"ங்கிறதுக்கும் பதில் சொல்லணும். 2011-ல சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426 ஆச்சு. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சின்னு 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தாங்க. 13 வருஷம் தாண்டியும் அப்படிச் சேர்ந்த பல பகுதிகள்ல பாதாளச் சாக்கடை வேலை இன்னும் நடந்துக்கிட்டிருக்கு. பேர் ஒரே நாள்ல மாறிடும், வரி அடுத்த வருஷம் வந்துடும், சாக்கடைக் குழாய்க்கு மட்டும் ஒரு தலைமுறை ஆகுது.

அதுக்காக இப்ப இருக்கிறதே போதும்னு சொல்ல வரல. எங்க ஊருக்கு வடக்க புதுசா பிளாட் போட்டு வீடு கட்டியிருக்கிறவங்க இருக்காங்க. அவங்களுக்கு இணைப்பு வேணும். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. அத்தனை வீட்டுக் குப்பையை மாசம் 5000 ரூபாய் வாங்கற ரெண்டு தூய்மைக் காவலர்கள் எப்படி அள்ள முடியும்? ரோட்டோரம் கொட்டிக் கொளுத்தறாங்க, அந்தப் புகை என் வயலுக்கும்தான் வருது. கழிவுநீருக்கு வழி இல்ல. பொம்பளப் பிள்ளைங்க காலேஜ் போக ஒரு பஸ் கூடுதலா வேணும். இதெல்லாம் தேவை, அவசரத் தேவை.

ஆனா குப்பை வண்டி வரணும்னா ஊராட்சியைக் கலைச்சுத்தான் ஆகணுமா? மாநகராட்சியும் ஊராட்சியும் ஒப்பந்தம் போட்டு, செலவைப் பகிர்ந்துக்கிட்டா ஆகாதா? நகரத்தோட குடிதண்ணிக் குழாய் எத்தனையோ ஊராட்சி வழியாத்தான் போகுது. அதுக்கு மட்டும் எல்லை குறுக்க வரல.

இன்னொண்ணு. எந்த ஊர் நகரமாகலாம்னு அரசியல் சட்டமே அளவுகோல் சொல்லுது. 243Q பிரிவு. 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-ல நடைமுறைக்கு வந்தப்ப வந்தது. மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளாட்சி வருமானம், அதோட விவசாயம் அல்லாத வேலையில இருக்கிறவங்க சதவீதம், இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்னு இருக்கு. அந்தக் கடைசி அளவுகோலை எங்க ஊர்ல யாரு அளந்தது? வீடு வீடா வந்து, "நீங்க எதை நம்பிப் பொழைக்கிறீங்க?"ன்னு கேட்டவங்க யாரு? வரைபடத்துல நகரத்துல இருந்து எவ்வளவு தூரம்னு ஸ்கேல் வெச்சுப் பார்த்தா போதாது. வடக்க இருக்கிற பிளாட்டுகளும் தெற்க இருக்கிற வயக்காடும் ஒரே ஊராட்சிதான், ஆனா ஒரே மாதிரி இல்ல.

அதனால நான் கேக்கிறது மூணு.

ஒண்ணு, சேர்க்கிறதுக்கு முன்னாடி கிராம சபையில வெச்சு ஓட்டு எடுங்க. தேர்தல் நடந்து தலைவர் இருக்கும்போது எடுங்க, தனி அலுவலர் காலத்துல வேண்டாம். வேணும்னு ஊர் சொன்னா நான் வாயை மூடிக்கிறேன்.

ரெண்டு, சேர்த்தே தீருவோம்னா, வயல் இருக்கிற வரைக்கும் கண்மாயும் வரத்துக்காலும் பாசன அமைப்பாவே பதிவேட்டுல இருக்கணும். மழைநீர் வடிகால்னு பேர் மாத்தக்கூடாது. பேர் மாறுன மறுநாள்ல இருந்து அதுல சாக்கடை விடறது நியாயமாயிடும்.

மூணு, நூறு நாள் வேலையை நம்பி இருக்கிறவங்களுக்கு நகரத்துலயும் அதே அளவு வேலைக்கு உறுதி குடுத்துட்டு அப்புறம் அட்டையை வாங்குங்க.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். எங்க ஊர் உங்க நகரத்தோட சேர்றதா இருந்தா, எங்க கிராம சபை மாதிரி ஒண்ணு உங்க தெருவுலயும் நடக்கணும். தேதி சொல்லி, பொது இடத்துல, கணக்கு வாசிச்சு. வார்டு அலுவலகத்துல போய், "ஏரியா சபை எப்ப?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பத்துப் பேர் சேர்ந்து கேட்டா தேதி வரும். அது ஒழுங்கா நடக்கிற ஊரா இருந்தா, அதோட சேர்றதுல எங்களுக்கும் பயம் குறையும்.

என் தோழனுக்கு இன்னும் பதில் அனுப்பல. இந்தப் பதிவோட சுட்டியைத்தான் அனுப்பப் போறேன். மனு நகலோட கீழத்தெரு அப்பத்தாகிட்டயும் போயிருந்தேன். கைநாட்டு வெச்சுட்டு, "கார்ப்பரேஷன் ஆயிட்டா லைட்டுக் கணக்கை எங்க வந்து கேக்கணும் தம்பி?"ன்னாங்க. விசாரிச்சுச் சொல்றேன்னு வந்திருக்கேன். மண்டல அலுவலகம்னா எங்க ஊர்ல இருந்து ரெண்டு பஸ் மாறணும்.